ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்

மனிதர்களில் கேள்வி கேட்கிறவர்கள் ஒரு வகை. கேட்டால் பதில் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் நெடுங்காலம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு கருவி வந்தது, கருவிக்குள் குழு வந்தது, குழுவுக்குள் மூன்றாவது வகை பிறந்தது. இவர் யாரும் கேட்காமலே பதில் சொல்வார். எதிராளி என்ன சொன்னார் என்று படிக்காமலே மறுப்பார். மறுத்து முடித்த பிறகு, எதை மறுத்தோம் என்று தேடிக்கொண்டு மேலே போவார். இவருக்குப் பதிலடிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்க உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஆகவே அந்த வகுப்பில் மற்றவர்களைவிட எனக்கு ஆழம் அதிகம். சின்ன வயதில் ஒரு பட்டறையில் கரி துடைக்கச் சேர்ந்தவன், இன்று கீழே சொந்தப் பட்டறை, மேலே சொந்த வீடு, பின்னால் வாடகைக்கு விட்ட கட்டடம் என்று நிற்கிறேன். எங்கள் கடைவீதியில் தினமும் காலையில் மேலே ஏறும் இரும்பு ஷட்டர்களில் பாதிக்கு மேல் நான் அடித்தவை. ஷட்டரைத் தூக்குகிற சத்தத்தைக் கேட்டே, முதலாளிக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். இரும்பைத் தட்டிப் பார்த்து எங்கே பொக்கை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மனிதனைத் தட்டிப் பார்க்கத் தெரியாதா? அதோடு, கடைவீதி வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவனே நான்தான். என் பெயருக்குப் பக்கத்தில் அட்மின் என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும். பட்டம் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் எத்தனையோ பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பச்சை எழுத்து எனக்குத்தான்.

குழுவை எதற்காகத் தொடங்கினேன்? மின்சாரம் எப்போது போகும், குப்பை வண்டி எப்போது வரும், கள்ளநோட்டோடு யாராவது சுற்றுகிறார்களா, யார் கடை வாசலை மறித்து யார் வண்டியை நிறுத்திவிட்டு மாயமாகியிருக்கிறார்கள், இவற்றுக்காக. முதல் வாரம் அப்படியே நடந்தது. இரண்டாவது வாரம் யாரோ, "நாளை பகல் முழுக்க மின்தடை" என்று போட்டார். அதற்குக் கீழே ஒருவர், "இந்த ஆட்சியில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?" என்றார். அதற்குக் கீழே இன்னொருவர், "போன ஆட்சியில் கம்பமே இல்லையே" என்றார். முடிந்தது கதை. மறுநாள் மின்சாரம் போனபோது, அத்தனை பேரும் விசிறி ஓடாத கடைகளில் வியர்த்து வழிந்தபடி, செல்போனில் சார்ஜ் தீரும்வரை மின்சாரத்தைப் பற்றியே அடித்துக்கொண்டார்கள். சார்ஜ் தீர்ந்த பிறகுதான் வீதியில் கொஞ்சம் காற்று வந்தது.

பதிலடிக்காரர் காலையில் கண்ணைத் திறந்ததும் மனைவி முகத்தைப் பார்க்க மாட்டார். முந்தின நாள் தாம் போட்ட போட்டுக்கு எதிராளி என்ன சொன்னான் என்று பார்ப்பார். ஒன்றும் சொல்லவில்லையென்றால், "ஓடிவிட்டான்." ஏதாவது சொல்லியிருந்தால், "மாட்டிக்கொண்டான்." அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் இவருக்கு வரவே வராது. எதிராளிக்குத் தூக்கம் உண்டு, வயிற்றுவலி உண்டு, வாடகை கட்டுகிற தேதி உண்டு என்பதை எந்தப் பதிலடிக்காரரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

அவர் வாயில், அதாவது விரலில், நிரந்தரமாகக் குடியிருக்கும் வாக்கியங்கள் சில உண்டு. "ஆதாரம் எங்கே?" என்பது ஒன்று. தமக்குப் பிடிக்காத செய்தி வந்தால் ஆதாரம் கேட்பார். அரசாங்க முத்திரையோடு கொண்டுவந்து கொடுத்தால், முத்திரைக்கு ஆதாரம் கேட்பார். பிடித்த செய்தி வந்தாலோ அவருடைய சித்தப்பா மகனின் சம்பந்தி சொன்னால் போதும், அது நம்பத்தகுந்த வட்டாரம். இன்னொன்று, "அப்போது எங்கே போயிருந்தீர்கள்?" சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நான் ஒருநாள் போட்டேன். போன ஆட்சியிலும் இதே சாக்கடை அடைத்ததே, அப்போது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கே போயிருந்தேன்? அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடப் போயிருந்தேன். வேறு எங்கே போவான் மனிதன்?

குழுவை விட்டு வெளியேறுவது இவர்களுக்கு ஒரு சடங்கு. "நாகரிகம் உள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை, கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன்" என்று பெரிதாக எழுதிவிட்டுப் போவார்கள். போன சூடு ஆறுவதற்குள் என் பட்டறை வாசலில் ஒரு நிழல் விழும்.

"அத்தான், நான் போனதுக்கப்புறம் குழுவுல என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் பேசலை மச்சான். பேக்கரிக்காரர் ஒரு பூப்படம் போட்டார்."

"அவ்வளவுதானா? யாரும் வருத்தப்படலையா?"

"பூ கொஞ்சம் வாடினாப்புலதான் இருந்துச்சு."

"சரி, திரும்பச் சேர்த்துவிடுங்க. பதில் சொல்லாம விட்டா அவங்க பேசினது உண்மைன்னு ஆயிடும்."

"அவங்கதான் ஒண்ணும் பேசலையே?"

"அதுக்குத்தான் பதில் சொல்லணும்."

அத்தான் என்று என்னைக் கூப்பிட்டதிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். என் மனைவியின் தம்பிதான். பதிலடிக்காரர்களில் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்த உயர்தர ரகம். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருடைய பார்வை அவர் கையில். ஆனால் அவர் மட்டும் கண்ணாடி போடமாட்டார். போட்டால் வயது தெரிந்துவிடுமாம். செல்போனைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வில் வளைக்கிறவர் மாதிரி நின்றுதான் நாட்டுக்கு நல்வழி காட்டுவார்.

அவருடைய பரம எதிரி மருந்துக்கடைக்காரர். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கடை. நடுவில் ஒரே சுவர். ஒருவர் தும்மினால் மற்றவர் கடையில் அலமாரி குலுங்கும். என் மைத்துனர் இந்தக் கட்சி, மருந்துக்கடைக்காரர் அந்தக் கட்சி. குழுவில் என் மைத்துனர் அவரை விலைபோனவர், வாடகை வாய், மூளையைக் கழற்றி மருந்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தவர் என்று சொல்லாத நாள் கிடையாது. அவரும் சளைத்தவரல்ல, ஊருக்கெல்லாம் பவர் சொல்கிறவருக்குத் தம்முடைய தலைவரின் ஊழல் மட்டும் எந்த லென்ஸிலும் தெரிவதில்லை என்பார். இப்படிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கட்டைவிரல் தேயத் திட்டிக்கொள்வார்கள். பதினோரு மணி ஆனதும் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள். டீக்கடையில் கட்சி பற்றி ஒரு வார்த்தை வராது. இவர் பிள்ளையின் படிப்பு, அவர் முதுகுவலி, மருந்துக்கடையில் கிடக்கிற எந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, இவைதான். இவர் வெளியூர் போனால் கடைச்சாவி அவரிடம். அவர் போனால் இவரிடம்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. அங்கே மருந்துக்கடைக்காரரின் அம்மா இருந்தார். அந்த அம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும்போதெல்லாம், என் மைத்துனர் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய் முடுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். நானே ஒருநாள் கூட இருந்தேன்.

"ஏம்ப்பா, உன் கட்சி ஜெயிச்சிடுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கண்டிப்பா ஜெயிக்கும்மா."

"அப்போ என் பையன் கட்சி?"

"அதுவும் ஜெயிக்கும்மா. நீங்க தலையை ஆட்டாம இருங்க."

இப்படி ஒரு பதிலை என் மைத்துனர் குழுவில் எழுதியிருந்தால், அன்றைக்கே அவரை இரண்டு கட்சியும் சேர்ந்து மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கும்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் அந்தக் கட்சி அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். செய்தி வந்ததும் குழு கொதித்தது. அந்தக் கொதிப்புக்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் ஒரு செய்தி போட்டார்: "அம்மா இன்று விடியற்காலை காலமானார். மாலை எடுக்கிறோம். கடை மூன்று நாள் திறக்காது." இரங்கலும் கொண்டாட்டமும் மாறி மாறி வந்து விழுந்தன. எதற்கு எது என்று தெரியாமல் ஒருவர் பாதுகாப்பாகக் கைதட்டும் படம் ஒன்று, கைகூப்பும் படம் ஒன்று, இரண்டையும் போட்டுவைத்தார்.

மருந்துக்கடை திறக்கிற நேரம் இன்னும் ஆகாததால் மாடியில் நடந்தது என் மைத்துனருக்குத் தெரியாது. கடையில் ஒரு வாடிக்கையாளரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் திக்கித் திக்கிப் படிக்கிற இடைவெளியில் செல்போனை நீட்டிப் பிடித்தார். அமைச்சர் விலகிய செய்தி. ஆகா! அதற்குப் பதில் எழுத விரலை வைத்து இழுத்தார். இழுக்கிற நேரத்தில் புதிதாக ஒரு செய்தி வந்து வரிசையை ஒரு படி மேலே தள்ளியது. அமைச்சர் நழுவினார், அவர் இருந்த இடத்துக்கு அந்த அம்மா வந்தார். கண்ணாடி போடாத மகராசனுக்கு இது எப்படித் தெரியும்? மடமடவென்று தட்டினார்: "ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. பத்து வருடத்துக்கு முன்னாடியே போயிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி." அனுப்பினார். செல்போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "கடைசி வரி தெரியுதா சார்?" என்று வாடிக்கையாளரைக் கேட்டார்.

ஒரு தாயின் மரணச் செய்திக்கு நேர் கீழே, அந்தச் செய்தியையே மேற்கோள் காட்டி, இப்படி ஒரு வாசகம்!

இது கைதவறி நடந்தது என்று குழந்தைக்கும் தெரியும். அந்தக் கட்சிக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்துகொண்டால் சண்டை போட முடியாதே. "இதுதான் உங்கள் கட்சி கற்றுக்கொடுத்த பண்பாடா?" என்று முதல் அடி விழுந்தது.  இந்தக் கட்சிக்காரர்களில் ஒருவராவது கண்ணாடிக் கடைவரை நடந்துபோய், "அண்ணே, இடம் மாறி விழுந்திருக்கு, பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். இருபது தப்படி. நடப்பார்களா? எதிர்க்கட்சி ஒன்றைத் தவறு என்று சொல்லிவிட்டால் அது எப்படித் தவறாக இருக்க முடியும்? முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"முழு உரையாடலையும் படித்துவிட்டுப் பேசவும்" என்றார் ஒருவர். "எங்கள் தலைவரின் அண்ணன் இறந்தபோது நீங்கள் சிரித்தீர்களே, அப்போது எங்கே போயிருந்தது பண்பாடு?" என்றார் அடுத்தவர். மூன்றாவது ஆள் கொஞ்சம் படித்தவர். "முதுமையின் வேதனையிலிருந்து விடுதலை கிடைத்தது என்ற தத்துவப் பார்வையில் சொல்லப்பட்ட கருத்து இது, தத்துவம் புரியாதவர்கள் விலகியிருக்கவும்" என்று எழுதினார். நான்காவது ஆள் என் மைத்துனரின் படத்தைச் சுற்றித் தீப்பிழம்பு வரைந்து, "உண்மையை உரக்கச் சொன்னவர்" என்று கீழே போட்டுவிட்டார். தீப்பிழம்புக்கு நடுவில் என் மைத்துனர் கையில் ஒரு கண்ணாடிக் கூடு. கடைத் திறப்பு விழாவில் எடுத்த படம். பேக்கரிக்காரர் நடுநிலைமைக்குப் பேர் போனவர். அவர், "இரண்டு தரப்பிலும் குறை இருக்கிறது" என்று எழுதினார். இறந்துபோன அம்மா தரப்பில் என்ன குறை என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு என் மைத்துனர் இழுப்பறையைத் திறந்தார். செல்போன் திணறிக்கொண்டிருந்தது. ஒரே பார்வை. தம்மைச் சிலர் திட்டுகிறார்கள், சிலர் தாங்குகிறார்கள், நெருப்புக்கு நடுவில் தாம் நிற்கிறோம். மனிதர் இதற்காகத்தானே இத்தனை வருடம் விரல் தேய்த்தார்! எதற்காகத் திட்டுகிறார்கள் என்று மேலே போய்ப் பார்த்தாரா? கவனியுங்கள், இந்த வகை மனிதரைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். பார்க்காமலே நெஞ்சை நிமிர்த்தித் தட்டினார்:

"சொன்னது சொன்னதுதான். ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்."

அனுப்பிய பிறகு மேலே போனார். படித்தார். அந்தக் கடையிலேயே மிகப் பெரிய லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

என் பட்டறைக்கு அவர் ஓடிவந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அத்தான், அத்தான், நான் அமைச்சரைச் சொன்னேன் அத்தான்!"

"தெரியும் மச்சான். உட்காரு."

"நானே அழிச்சா பயந்துட்டேன்னு சொல்லுவாங்க. நீங்கதானே அட்மின்? அழிச்சிடுங்க!"

"நான் முன்னாடி ஒரு தடவை அழிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. யாரோ யார் தாயையோ இழுத்து எழுதியதை நான் அழித்தபோது, இரண்டு கட்சியும் கைகோத்துக்கொண்டு "கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கும் ஷட்டர் சர்வாதிகாரியே" என்று என்மேல் பாய்ந்தன. அவர்களிடையே அப்படியொரு ஒற்றுமையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"முதல்ல எழுதினதை விடு. அது கை தவறினது," என்றேன். "ரெண்டாவதா ஒண்ணு எழுதினியே, அது எது தவறினது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார். உள்ளேயிருந்து ஓர் இளங்குரல் எனக்கே கேட்கும்படி முழங்கியது.

"அண்ணே, பின்வாங்கிடாதீங்க! நாங்க இருக்கோம்!"

"இல்ல தம்பி, அது தெரியாம..."

"தெரியாமன்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே! காலையிலேருந்து நாங்க முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். எங்க நிலைமை என்ன ஆகும்?"

என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்குச் செய்தி ஏற்கெனவே எட்டியிருந்தது. எட்டாமல் இருக்குமா? பக்கத்து ஊரிலிருக்கும் அவளுடைய பெரியம்மா மகளுக்கே தீப்பிழம்புப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வந்து நின்றபோது தம்பி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா தட்டுற?"

"விளக்கம் அக்கா. தெளிவா ஒரு விளக்கம் போட்டுட்டா முடிஞ்சுடும்."

"படி, கேட்போம்."

"அன்பார்ந்த நண்பர்களே, முதற்கண், ஒரு துக்க நிகழ்வை அரசியலாக்கும் எதிர்த்தரப்பினரின் இழிந்த போக்கை வன்மையாகக் கண்டிக்கிறேன். இரண்டாவதாக..."

"நிறுத்து. அந்த அம்மாவைப் பத்தி எத்தனாவதுல வருது?"

அவர் கீழே கீழே தள்ளிப் பார்த்தார். "ஏழாவதுல வருது அக்கா. வருந்துகிறேன்னு போட்டிருக்கேன்."

அவள் செல்போனைப் பிடுங்கி, என் ஸ்பானர் பெட்டிக்குள் போட்டு, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "உனக்கு அந்த வீட்டுக்குப் போக வழி தெரியும்ல? தினமும் போற வீடுதானே? நடந்து போ. போய் வாயால சொல்லு."

"வாயாலயா?" என்றார் என் மைத்துனர். ஏதோ கடலை நீந்திக் கடக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

தனியே விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று நானும் கூடப் போனேன். அந்த வீதியில் நான் தலையிடாமல் நல்லபடியாக முடிந்த காரியம் எதுவும் எனக்கு நினைவில்லை.

மருந்துக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இந்தக் கட்சிக்காரர்கள் படிக்கு இந்தப் பக்கமும் அந்தக் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டுக்கேற்ற அமைதி. எல்லோருடைய தலையும் கவிழ்ந்திருந்தது. பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், அத்தனை பேர் மடியிலும் செல்போன். எதிர் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் பதிலடி போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒருவர் தட்டி முடித்து நிமிர்வார். அந்தப் பக்கம் ஒருவர் மடி உறுமும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிவார். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் மைத்துனரைக் கண்டதும் இந்தக் கட்சிக்காரர்கள் எழுந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அவர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே படியேறினார்.

மேலே மருந்துக்கடைக்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய செல்போன் தலைகுப்புறக் கிடந்தது. அந்த அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் கண்ணாடி இல்லை.

என் மைத்துனர் நின்றார். 

"நான்..." என்றார். "அது வந்து..."

"பார்த்தேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.  "காலையிலேயே பார்த்தேன். நீ கண்ணாடி போடாம தட்டினது. எனக்குத் தெரியாதா உன்னை? கிறுக்கன், அமைச்சரை விட்டுட்டு அம்மாவைப் பிடிச்சிட்டான்னு நினைச்சேன். அந்த நேரத்துலகூட எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

என் மைத்துனருக்கு மூச்சு வந்தது. "அதைத்தான் சொல்ல வந்தேன். நீயே புரிஞ்சுக்கிட்ட..."

"அதுக்கப்புறம் இன்னொண்ணு போட்ட பாரு. ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்னு." அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதை யாருக்குடா போட்ட?"

 நான் என் மைத்துனரைப் பையனாக இருந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். தேர்வில் தோற்றபோது ஆசிரியருக்குப் பதில் சொன்னவர். பெண் பார்க்கப்போன இடத்தில் பெண்ணின் அப்பாவுக்குப் பதிலடி கொடுத்து, அந்தச் சம்பந்தத்தையே கெடுத்துக்கொண்டவர். அவரிடம் பதில் இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். 

"படிக்காம போட்டுட்டேன்," என்றார் கடைசியில். "எல்லாரும் திட்டுறாங்கன்னு பார்த்தேன். என்னன்னு பார்க்கலை."

மருந்துக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "லிஃப்ட் கிடையாது. படி குறுகல். சடங்குக்கு அம்மாவைக் கீழே இறக்க ஆள் வேணும். கீழே உங்க ஆளுங்க, எங்க ஆளுங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்களாமே, நாலு பேரைக் கூட்டிட்டு வா. மெசேஜ் போடாதே. வாயால கூப்பிடு."

என் மைத்துனர் இறங்கினார். படியின் கடைசிக்கு இரண்டு படி மேலே நின்றுகொண்டார். இரண்டு பக்கமும் தலைகள் குனிந்தே இருந்தன. தொண்டையைச் செருமினார், யாரும் பார்க்கவில்லை. பிறகு கத்தினார்.

"எல்லாரும் செல்லைக் கீழே வைங்கய்யா! நான் எழுதினது தப்பு. கை தவறி எழுதினேன். ரெண்டாவதா எழுதினது கை தவறி இல்ல, திமிர்ல எழுதினேன். அது அதைவிடத் தப்பு. ரெண்டையும் திரும்பப் பெறுறேன்."

அந்தக் கட்சிக்காரர்கள் முகத்தில் வெற்றியைக் காணோம், ஏமாற்றம்தான் இருந்தது. நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்ட மாதிரி பார்த்தார்கள். இந்தக் கட்சி இளைஞர், செல்போனில் முழங்கினாரே அவர், குதித்து எழுந்தார்.

"என்ன அண்ணே இப்படிக் காலை வாரிட்டீங்க? நீங்க எப்படித் திரும்பப் பெற முடியும்?"

"நான் எழுதினதுதானே தம்பி?"

"எழுதினது நீங்கதான். ஆனா அது இப்ப நம்ம நிலைப்பாடு ஆயிடுச்சே! மாவட்டம் வரைக்கும் போயிடுச்சு. உங்க சொந்த விருப்பத்துக்கு மாத்த முடியுமா?"

இதைவிட விளக்கமாக இந்த இனத்தைப் பற்றி நான் என்ன எழுதிவிட முடியும்? ஒருவர் கைதவறித் தட்டியது, நண்பகலுக்குள் ஒரு கொள்கையாகிவிட்டது. அதைச் சொன்னவரே அதை எதிர்த்தால் அவர் துரோகி. நாட்டில் இருக்கும் மற்ற கொள்கைகள் எல்லாம் எப்படிப் பிறந்திருக்கும் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

"மேலே வந்து தூக்குறியா, இல்ல நிலைப்பாட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியா?" என்று நான் அந்த இளைஞரிடம் கேட்டேன். என் குரலுக்கு அந்த வீதியில் ஒரு மரியாதை உண்டு. வந்தார்.

இந்தக் கட்சியில் இருவர், அந்தக் கட்சியில் இருவர். அந்தப் படிக்கட்டின் கைப்பிடி என் வேலை. யானை சாய்ந்தாலும் அசையாது. ஆனால் திருப்பம் குறுகல். தலைப்பக்கம் என் மைத்துனரும் அந்தக் கட்சிக்காரர் ஒருவரும். கால்பக்கம் இளைஞரும், காலையில் பண்பாடு பற்றி முதல் அடி அடித்தவரும். திருப்பத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

"கொஞ்சம் தூக்குங்க, இடிக்குது."

"எங்க இடிக்குது?"

"இங்க, என் முட்டிக்குப் பக்கத்துல."

"நான் தூக்கினா உங்களுக்குப் பாரம் வந்துடுமே, தாங்குவீங்களா?"

"தாங்குறேன். நீங்க ஒரு படி இறங்குங்க. மெதுவா."

"சரி. இப்ப?"

"இப்ப சரி."

குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்குள் நான் கேட்ட ஒழுங்கான விவாதம் அது ஒன்றுதான். சிக்கல் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. பதிலைக் கேட்டு மற்றவர் காலை மாற்றி வைத்தார். பாரம் எல்லோர் கையிலும் இருந்ததால் ஒருவரும் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. அந்த அம்மா பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தார்.

திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து குளித்துத் தலை துவட்டுவதற்குள் குழுவில் ஒரு செய்தி: "துக்க வீட்டிலும் மனிதநேயம்! தலைப்பக்கம் சுமந்தது எங்கள் கட்சி." உடனே கீழே: "ஆதாரம் எங்கே?" பேக்கரிக்காரர் வழக்கம்போல், இரண்டு பக்கமும் பாரம் இருந்திருக்கும் என்றார். இந்த முறை அவர் சொன்னது மட்டும் சரி.

என் மைத்துனர் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. மூடிக்கிடந்த பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டு மூன்று நாளும் சும்மா உட்கார்ந்திருந்தார். ஷட்டரை மட்டும் ஒவ்வொரு நாளும் சத்தம் வராமல் தூக்கினார். வாடிக்கையாளர் ஒருவரிடம், "கடைசி வரி தெரியலைன்னா பரவாயில்லை சார், யாருக்குத் தெரியுது?" என்றாராம்.

நான்காம் நாள் மருந்துக்கடை திறந்தது. எதிர்ச் சாரியில் ஒரு கடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, காதிலும் விழுந்தது. பதினோரு மணிக்கு என் மைத்துனர் போய் மருந்துக்கடை வாசலில் நின்றார். மூக்கில் கண்ணாடி போட்டிருந்தார், வயது தெரிந்தது. உள்ளே இருந்தவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கத்தரித்தார். ஒரு மாத்திரைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"என்ன வேணும்?" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்."

கத்தரி நின்றது. "சும்மா வந்தா உள்ளே வந்து உட்காரு. வாசலை மறிக்காதே."

போய் உட்கார்ந்தார். அந்த முதுகு வலிக்காத ஸ்டூலில்.

மறுவாரமே இரண்டு பேரும் குழுவில் மறுபடி மோத ஆரம்பித்துவிட்டார்கள். விட்டுவிடுவார்களா? இப்போது என் மைத்துனர் பதிலடி போடுவதற்கு முன்னால் சுவரில் தட்டி, "நீ சொன்னதுக்கு அர்த்தம் இதுதானே?" என்று சத்தமாகக் கேட்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, "அது இல்லடா" என்று பதில் வருகிறது. அதற்கப்புறம் பெரும்பாலும் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்தக் கட்சி இளைஞர் அவரைக் கட்சியின் உள்குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகக் கேள்வி.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உங்கள் மாமனார் வீட்டில் ஒருவர், மாடிவீட்டில் ஒருவர் என்று ஆளைக்கூட அடையாளம் கண்டுவைத்திருப்பீர்கள். போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று நான் எழுதிக்கொண்டே போனேனே, எது எந்தக் கட்சி என்று நான் எங்காவது சொன்னேனா? சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்த இளைஞர்மேல் கொஞ்சம் கூடுதலாக ஆத்திரம் வந்தது. அல்லது, இந்தக் கிழவன் வேண்டுமென்றே நம்ம ஆளை மட்டம் தட்டுகிறான் என்று தோன்றியது.

அப்படித் தோன்றியபோது உங்கள் கட்டைவிரல் எங்கே இருந்தது? குனிந்து பாருங்கள்.